லாட்ஜுக்கு மாடல், வீட்டுக்குக் கோடு: ராமநாதபுரத்தில் ஒரு சிறு அலுவலகம் போட்ட கணக்கு

நான்கு வருடத்துக்கு முன்னால் ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜ் கட்டிக்கொண்டிருந்தோம். இரண்டாவது மாடிக்கு சென்ட்ரிங் பிரித்த மறுநாள் காலையில் பிளம்பர் போன் செய்தார். "சார், டாய்லெட் லைன் இறங்குற இடத்துல பீம் நிக்குது, என்ன செய்ய?" ராமநாதபுரத்திலிருந்து நான் போய்ச் சேர்வதற்குள் அவரே வழியும் கண்டுபிடித்துவிட்டார். 110 மிமீ குழாய் நுழைகிற அளவுக்கு பீமின் ஓரத்தை உடைத்து, குறுக்கே வந்த ஒரு ரிங்கையும் (பீமின் நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டுகிற வளையக் கம்பி) அறுத்துவிட்டிருந்தார். அவரைத் திட்டி என்ன பயன்? ஆர்க்கிடெக்ட் படத்தில் குழாய் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. ஸ்ட்ரக்சுரல் படத்தில் பீமும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்க்க வேண்டிய ஆள் நான்தான். பார்க்கவில்லை. அந்த பீமைச் சரிசெய்த செலவு என் கையிலிருந்து போனது.

இப்போது அதே ஊரில் இன்னொரு லாட்ஜ் வேலை வந்திருக்கிறது. தரைத்தளமும் மூன்று மாடியும், லிஃப்ட், கீழே சமையலறை, மொத்தம் சுமார் 14,000 சதுர அடி. இதையாவது பிம்மில் (BIM, கட்டிடத்தைக் கம்ப்யூட்டரில் மாடலாகவே கட்டிப் பார்க்கிற முறை) செய்வோமா, இல்லை பழையபடி படம் வரைகிற மென்பொருளான ஆட்டோகேடிலேயே ஓட்டுவோமா என்று அலுவலகத்தில் நாலு பேரும் இரண்டு மாதம் பேசினோம். அப்படிப் பேசிப் போட்ட கணக்குதான் இது. இதே கேள்வியோடு பரமக்குடியிலோ தொண்டியிலோ யாராவது உட்கார்ந்திருந்தால் கொஞ்சம் உதவலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். பிம் என்றால் இங்கே பாதிப் பேருக்கு '3டி எலிவேஷன்'. வீட்டுக்காரரிடம் காட்டுகிற, வானம் நீலமாக, வாசலில் கார் நிற்கிற அந்தப் படம். அது வேறு. ஆட்டோகேடில் நாம் போடுவது கோடு. இரண்டு கோடு சேர்ந்தால் சுவர் என்று நமக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பிம்மில் சுவரைச் சுவராகவே வைக்கிறோம். அதன் தடிமன், உயரம், கல், பூச்சு எல்லாம் அதோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். பிளானில் ஜன்னலை நகர்த்தினால் எலிவேஷனிலும் செக்ஷனிலும் தானாக நகரும், ஜன்னல் பட்டியலும் மாறும். குழாயும் பீமும் ஒரே இடத்தில் மோதினால் மென்பொருளே சொல்லிவிடும். புதுச் சரக்கும் இல்லை. சக் ஈஸ்ட்மன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1970களின் நடுவிலேயே இந்த யோசனையை எழுதிவிட்டார். ரெவிட் என்ற பிம் மென்பொருள் 2000-ல் வந்தது, 2002-ல் ஆட்டோகேடைச் செய்கிற ஆட்டோடெஸ்க் நிறுவனம் அதை வாங்கியது. நம் பக்கம் வந்து சேரத்தான் இத்தனை காலம்.

ஏன் இத்தனை காலம்? "நம்ம ஆளுங்க மாற மாட்டாங்க சார்" என்பது கருத்தரங்குகளில் அடிக்கடி கேட்கிற பதில். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வாட்ஸ்அப்புக்கும் ஜிபேவுக்கும் மாற எங்கள் மேஸ்திரிகளுக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஒரு புதுக் கருவியை ஒருவர் ஏற்பாரா மாட்டாரா என்பது இரண்டு கேள்வியில் இருக்கிறது என்று 1989-ல் ஃப்ரெட் டேவிஸ் என்ற ஆய்வாளர் சொன்னார். இது என் வேலைக்குப் பயன்படுமா? பழகச் சுலபமா? கட்டிட வேலையில் மூன்றாவதாக ஒன்றையும் சேர்க்க வேண்டியிருக்கிறது: உழைப்பு யாருடையது, மிச்சமாகிற காசு யாருக்கு? மாடல் செய்து மாய்கிறவர் டிராஃப்ட்ஸ்மேன். உடைப்புச் செலவு மிச்சமாவது பெரும்பாலும் கட்டிட முதலாளிக்கு. படத்துக்கு மட்டும் சதுர அடிக்குச் சில ரூபாய் வாங்கும்போது எனக்கு இரண்டிலும் பங்கில்லை. காண்ட்ராக்ட்டையும் சேர்த்து எடுத்தால் அந்தப் படக் காசும் பெரும்பாலும் போய்விடும், "ப்ளான் ஃப்ரீதானே சார்?"

ஆளுக்கு ஆள் கேட்டுப் பார்த்தேன். பதில்கள் நான் நினைத்த மாதிரி இல்லை.

எங்கள் டிராஃப்ட்ஸ்மேன் அண்ணனுக்கு ஆட்டோகேடில் இருபது வருடப் பழக்கம். மவுஸைத் தொடாமலேயே பாதிப் பிளானைப் போட்டுவிடுவார். அவரை ஒரு மாதம் ரெவிட்டின் சோதனைப் பதிப்பில் உட்கார வைத்தேன். வேகம் போய்விட்டது என்று புலம்புவார் என எதிர்பார்த்தேன். அவர் சொன்னது வேறு: "ஆட்டோகேட்ல தெரியாததை விட்டுட்டு மேல போயிரலாம். இது ஒவ்வொண்ணுக்கும் அளவு கேக்குது. லிண்டல் எந்த மட்டம், சங்கன் எவ்வளவு ஆழம், ஃபால்ஸ் சீலிங் எங்க தொங்குது. நீங்க இன்னும் முடிவே பண்ணலையே, நான் எதைப் போட?" (சங்கன் என்பது குளியலறையில் குழாய் ஓடுவதற்காகத் தாழ்த்திப் போடுகிற தளம்.) சரியான அடி. 2டியில் நாங்கள் முடிவுகளைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறோம், கடைசியில் கொத்தனார் முடிவு செய்கிறார். பிம்மில் அந்த வேலை முன்னாலேயே வந்து நிற்கிறது. பேட்ரிக் மெக்லீமி என்ற ஆர்க்கிடெக்ட் இதை ஒரு வளைகோடாக வரைந்து காட்டியிருக்கிறார்; உழைப்பின் மேடு வேலைப்படக் கட்டத்திலிருந்து டிசைன் கட்டத்துக்கு நகர்கிறது. நமக்குக் காசு வருகிற தவணையோ நகர்வதில்லை. அட்வான்ஸ் ஒரு சிட்டிகை, அப்ரூவல் வந்ததும் கொஞ்சம், மீதி எல்லாம் கட்டிடம் எழும்பும்போதுதான்.

மதுரையில் இருக்கிற எங்கள் ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட் நேராகவே சொல்லிவிட்டார்: "மாடலை நீங்க வச்சுக்கங்க. என் கையெழுத்து படத்துக்கு மட்டும்தான்." அவர் பயம் நியாயம். மாடலில் வேறு யாரோ ஒரு கம்பியை நகர்த்திவிட்டால் யார் பதில் சொல்வது? ஒரு காண்ட்ராக்டர் நண்பர் சிரித்துக்கொண்டே மழுப்பினார். அளவு துல்லியமாக எல்லோர் கண்ணுக்கும் தெரிவது எல்லோருக்கும் இனிக்கிற சமாச்சாரம் இல்லையே.

மேஸ்திரிதான் ஆச்சரியம். பழைய லாட்ஜின் பீமும் பில்லரும் சேர்கிற ஒரு மூலையை மட்டும் மாடலாக்கி அவர் போனில் காட்டினேன். விரலால் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை அன்னைக்கே காட்டியிருந்தா நான் அன்னைக்கே சொல்லியிருப்பேனே, இந்த இடத்துல கம்பி உக்காராதுன்னு." வேலைக்காரர்களுக்குப் புரியாது என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

அவர் சொன்ன 'உக்காராது' நம் கடற்கரைக்கே உரிய சங்கதி. அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதியான ஐஎஸ் 456:2000 கடலோரச் சூழலைக் 'கடுமை' என்ற வகையில் வைக்கிறது. அதற்குக் குறைந்தது எம்30 கான்கிரீட் (எம் எண் கூடக் கூட வலு கூடும்), 45 மிமீ கவர், அதாவது கம்பிக்கு வெளியே மூடியிருக்க வேண்டிய கான்கிரீட்டின் தடிமன். அலைச்சாரல் படுகிற இடம் என்றால் எம்35, 50 மிமீ. இப்போது வழக்கமான 230 மிமீ அகல பீமை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் 45 போனால் மீதி 140. ரிங் 8 மிமீ, இரண்டு பக்கமும் 16. உள்ளே மிஞ்சுவது 124 மிமீ. 20 மிமீ கம்பி மூன்று, நடுவே 25 மிமீ இடைவெளி இரண்டு, மொத்தம் 110. உட்காரும். நான்கு கம்பி என்றால் 155. உட்காராது. கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊர்ப் பழக்கத்தில் 25 மிமீ கவர் வைத்து வரைந்தால் உள்ளே 164 இருக்கும், நான்கும் சுகமாக உட்கார்ந்துவிடும். அதே செக்ஷனைக் காப்பி செய்து ராமேஸ்வரத்துக்கு அனுப்பினால் கம்பிக்காரர் என்ன செய்வார்? ரிங்கை அகலமாக வளைப்பார். கவர் 25 ஆகும். படத்தில் 45 என்று எழுதியிருக்கும். உப்புக்காற்று படத்தைப் படிப்பதில்லை. சில வருடங்களில் பீமின் அடியில் நீளவாக்கில் ஒரு வெடிப்பு, அப்புறம் காரை பெயர்ந்து துருக்கம்பி வெளியே தெரியும்.

இந்தக் கணக்குக்கு ரெவிட் எதற்கு, காகிதமும் பென்சிலும் போதாதா என்று கேட்கலாம். போதும். ஆனால் போட்டேனா? பில்லரின் கம்பிகளுக்குள்ளே இரண்டு திசை பீமின் கம்பிகளும் நுழைகிற மூலையைக் காகிதத்தில் யாரும் வரைவதில்லை. மாடல் வரையச் சொல்லிக் கட்டாயப்படுத்துகிறது.

சரி, வழிகளுக்கு வருகிறேன்.

முதல் வழி, ஆட்டோகேடிலேயே இருந்துகொண்டு ஒழுங்காக இருப்பது. கான்கிரீட் போடுவதற்கு முன்னால் ஒரு முழு நாள் ஒதுக்கி, ஆர்க்கிடெக்ட் படம், பீம் படம், பிளம்பிங், எலெக்ட்ரிக்கல் நான்கையும் ஒரே பரப்பில் வெவ்வேறு நிறத்தில் அடுக்கிப் பார்ப்பது. செலவு ஒரு நாள் சம்பளம். என் பழைய லாட்ஜில் நடந்த கூத்தை இதுவே தடுத்திருக்கும், மறைக்க ஒன்றுமில்லை. தடுக்காதது உயரத்தில் வருகிற மோதல். சமையலறைப் புகை டக்ட் காரிடாரில் ஓடும்; மேலே 450 மிமீ பீம், கீழே ஃபால்ஸ் சீலிங், நடுவே ஏசி வடிகால் குழாய்க்குச் சரிவு வேறு வேண்டும். மேலிருந்து பார்த்தால் எல்லாம் அழகாக விலகி விலகிப் போகும். பக்கவாட்டில் வெட்டினால்தான் சண்டை தெரியும். எத்தனை இடத்தில் வெட்டிப் பார்ப்பது? வீட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை, ஒரு குளியலறைச் சங்கனும் மாடித் தொட்டிக் குழாயும் தவிர. அதனால் வீடுகளுக்கு இதுவே போதும் என்பது என் முடிவு. அப்ரூவலுக்கும் 2டி படம்தான் கேட்கிறார்கள். 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரைக்கும் சுயசான்று முறை 2024 ஜூலையில் தமிழ்நாட்டில் வந்தபிறகு, சின்ன வீட்டுக்கு மாடல் செய்கிற நேரத்தில் அனுமதியே கைக்கு வந்துவிடும்.

இரண்டாவது, ரெவிட் எல்டி என்ற குறைந்த விலைப் பதிப்பு. விலை பார்த்ததும் ஆசை வரும். குழாயும் டக்ட்டும் வரைகிற கருவிகள் அதில் கிடையாது, ஒரே கோப்பில் இரண்டு பேர் வேலை பார்க்கவும் முடியாது. எனக்கு வேண்டியதே குழாயும் பீமும் மோதுகிறதா என்று பார்ப்பது. அப்படியே தாண்டிவிட்டோம்.

மூன்றாவது, முழு ரெவிட்டை வாங்கி அலுவலகத்திலேயே செய்வது. ஆட்டோடெஸ்க் 2016-லிருந்து ஒரேயடியாக விற்பதை நிறுத்திவிட்டது. இப்போது வருட வாடகைதான், ஒரு ஆளுக்கு வருடம் ஒரு லட்சத்தைத் தாண்டும். எங்கள் பக்கம் அது ஒரு டிராஃப்ட்ஸ்மேனின் பல மாதச் சம்பளம். அதற்கு மேல் 32 ஜிபி மெமரியோடு புதுக் கம்ப்யூட்டர், யானை வாங்கியாச்சு என்று அங்குசத்துக்கும் சேர்த்து. கிராக் (திருட்டு நகல்) போட்டுக்கொள்ளலாமே என்று ஒரு நலம்விரும்பி சொன்னார். நம் பெயரில் ஒரு லெட்டர்ஹெட்டும் லைசென்ஸ் நம்பரும் வைத்துக்கொண்டு அதைச் செய்வதற்கு எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான். பணத்தைவிடப் பெரிய தடை வேலையின் எண்ணிக்கை. வருடத்துக்கு இந்த அளவு வேலை எங்களுக்கு ஒன்று வரும், நல்ல வருடமானால் இரண்டு. மீதி ஒன்பது மாதம் அந்த மென்பொருள் சும்மா இருக்கும், கையும் மறந்துபோகும்.

நான்காவது, மாடலை மட்டும் வெளியே கொடுப்பது. இதில்தான் நம் மாவட்டத்துக்கு ஒரு வேடிக்கையான அதிர்ஷ்டம். துபாய் மாநகராட்சி 2014-லேயே 40 மாடிக்கு மேற்பட்ட கட்டிடங்களுக்கு பிம்மைக் கட்டாயமாக்கி, அப்புறம் 20 மாடிக்கு இறக்கியது. கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம் பக்கத்துப் பையன்கள் வளைகுடாவுக்குப் போவது புதிதில்லை. இப்போது போகிற டிப்ளமா, பி.இ. பையன்களில் சிலர் அங்கே பிம் மாடலர். லீவில் வந்து என் மேஜையில் கிடக்கிற படத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இன்னும் இதுலயா?" என்கிறார்கள். அப்படிக் கத்தாரில் ஆறு வருடம் இருந்துவிட்டு வந்து, உச்சிப்புளியில் வீட்டிலிருந்தே வேலை செய்கிற ஒரு தம்பி கிடைத்தான்.

அவனிடம் ஒரு மாடியை மட்டும் வெள்ளோட்டமாகக் கொடுத்தோம். கை வேகம் பிரமாதம். ஏசி டக்ட், ஸ்பிரிங்க்ளர் எல்லாம் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் நம் ஊர்ச் சங்கன் சிலாப்பை எப்படிக் காட்டுவது என்று இரண்டு முறை கேட்டான். லாஃப்ட்டையும் சன்ஷேடையும் விட்டேவிட்டான். அங்கே அவன் பார்த்த கட்டிடம் வேறு. இன்னொரு சிக்கல், ரெவிட்டில் புதிய பதிப்பில் சேமித்த கோப்பைப் பழைய பதிப்பில் திறக்கவே முடியாது. அவன் கோப்பு வந்த அன்று எங்கள் சோதனைப் பதிப்பு அதைத் தொடக்கூட மறுத்துவிட்டது. அன்றிலிருந்து ஐஎஃப்சி வடிவத்திலும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று எழுதி வாங்கிவிட்டோம். ஐஎஃப்சி எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத பொது வடிவம், ஐஎஸ்ஓ தரமாகவும் இருக்கிறது. இலவச மென்பொருளில்கூடத் திறக்கலாம்.

இலவசம் என்றதும் ஐந்தாவது வழி. 2024 நவம்பரில் வந்த ஃப்ரீகேட் 1.0 என்ற இலவச மென்பொருளில் பிம் பகுதி உள்ளேயே சேர்ந்து வருகிறது. எங்கள் ஜூனியர் பெண் அதில்தான் பழகுகிறாள், தம்பி அனுப்புகிற ஐஎஃப்சியையும் அதில்தான் திறந்து பார்க்கிறோம். நாள் குறித்து முடிக்க வேண்டிய ஒரு முழு லாட்ஜை அதை நம்பி எடுக்க இன்னும் துணிச்சல் வரவில்லை. பழக நல்ல இடம்.

இவ்வளவுக்கும் நடுவில் உடன் வேலை செய்கிற ஒருவர் கேட்டார்: "அரசாங்கமே கேக்கல, நீ ஏன் கெடந்து அலையுற?" உண்மைதான். இங்கிலாந்து 2016-லிருந்து மத்திய அரசு வேலைகளுக்குக் கேட்கிறது. சிங்கப்பூர் 2013-ல் 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டிடங்களில் தொடங்கி 2015-ல் 5,000 சதுர மீட்டருக்கு வந்தது. 5,000 சதுர மீட்டர் என்றால் சுமார் 53,800 சதுர அடி. எங்கள் லாட்ஜை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் சிங்கப்பூரில் வைத்தாலும் அந்த எல்லைக்குள் வராது. கட்டாயம் என்ற காரணம் எங்களுக்கு இல்லவே இல்லை. உடைக்கிற செலவு ஒன்றுதான் காரணம்.

அதோடு, மாடல் தொடாத செலவு ஒன்று இங்கே இருக்கிறது, தண்ணீர். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக்கூடாது என்கிறது அதே ஐஎஸ் 456. தீவில் போர் தண்ணீர் எடுத்து வாயில் வைத்துப் பார்த்தாலே பல இடத்தில் தெரிந்துவிடும். லாரித் தண்ணீரும் எங்கே பிடித்தது என்று கேட்காமல் நம்ப முடியாது. 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலம் நூறு வருடத்துக்கு மேல் இந்தத் துருவோடு மல்லுக்கட்டியது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பி போட்டிருக்கிறார்கள், இணைப்புகளை முழுக்க வெல்டிங் செய்திருக்கிறார்கள். நம் லாட்ஜுக்கு அந்தக் கம்பி கட்டுப்படியாகாது. கட்டுப்படியாவது தண்ணீர்ச் சோதனையும், 45 மிமீ கவர் பிளாக்கும், நாள் தவறாமல் நீராற்றுவதும். கையில் ஒரே தொகைதான் இருக்கிறது, மாடலா இவையா என்று யாராவது என்னைக் கேட்டால் யோசிக்காமல் இவைதான் என்பேன். கம்ப்யூட்டரில் 45 மிமீ கவர் வைத்துவிட்டு சைட்டில் ஜல்லித் துண்டை முட்டுக் கொடுக்கிறவனுக்கு ரெவிட் எதுவும் செய்யாது.

கடைசியில் எடுத்த முடிவு இது. லாட்ஜுக்கு நான்காவது வழி, ஆனால் கத்தரித்து. கட்டில், மேஜை, மரம், கார் எதுவும் மாடலில் வேண்டாம். பில்லர், பீம், சிலாப், கழிவுக் குழாய், டக்ட், தீயணைப்புக் குழாய் மட்டும். தம்பி கொடுக்க வேண்டியது மூன்று: ஒவ்வொரு மாடிக்கும் சிலாப் போடுவதற்கு முன் ஸ்லீவ் (குழாய் போக கான்கிரீட்டில் முன்கூட்டியே விடுகிற துளைக்கான உறை) வைக்க வேண்டிய இடங்களின் படம், மோதல் பட்டியல், கம்பி நெருக்கமான ஆறு மூலைகளின் மாடல். மாடலுக்கும் கையெழுத்திட்ட படத்துக்கும் முரண் வந்தால் படமே செல்லும் என்று ஒரு வரி. அதைப் பார்த்தபிறகுதான் கன்சல்டன்ட் சமாதானமானார். 230 மிமீ பீம்களில் நான்கு கம்பி வருகிற இடங்களை அவரே இரண்டு வரிசையாக மாற்றியும் கொடுத்துவிட்டார்.

காசு யார் கொடுப்பது என்பதில்தான் இழுத்தது. லாட்ஜ் முதலாளியிடம் பிம் என்ற சொல்லையே எடுக்கவில்லை. பழைய லாட்ஜில் பீமைச் சரிசெய்த பில்லையும், உடைந்த பீமின் போட்டோவையும் மேஜையில் வைத்தேன். பார்த்துவிட்டு, "இது வராம இருக்க எவ்வளவு?" என்றார். சொன்னேன். பாதி தருகிறேன் என்றார், மீதி என்னுடையது. தவணையையும் மாற்றச் சம்மதித்தார்: முதல் தொகை அஸ்திவாரம் தோண்டும்போது இல்லை, முதல் மாடி ஸ்லீவ் படம் மேஸ்திரி கைக்குப் போகிற அன்று. டிராஃப்ட்ஸ்மேன் அண்ணனுக்கு அதில் ஒரு பங்கு தனியாக. சங்கன் ஆழமும் சீலிங் மட்டமும் தம்பி கேட்பதற்கு முன்னாலேயே என்னிடமிருந்து பிடுங்கி எழுதி வைப்பது அவர் வேலை. இரண்டு வாரமாகப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார். காரிடார் சீலிங் மட்டம் மட்டும் இன்னும் பாக்கி.

அடுத்த மாதம் தொண்டியில் ஒரு வீடு தொடங்குகிறோம். அதற்கு ஆட்டோகேட்தான், கான்கிரீட்டுக்கு முன்னால் அந்த ஒரு நாளோடு.